கத்திரி வெயிலில் சாதகம்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடுகிறது. இதில் உட்காருங்கள். அரங்கத்துக்குள்ளே இடம் நிறையவே இருக்கிறது. நான்தான் போகவில்லை. போகக்கூடாது என்று உத்தரவு. யார் உத்தரவா? எல்லாம் வீட்டுக்காரம்மா உத்தரவுதான். "நீங்க உள்ள உக்காந்தா எனக்கு வீணையில விரல் வராதுங்க, வெளியிலயே இருங்க" என்றாள். விஷயம் ஒன்றுமில்லை. முன்வரிசையில் உட்கார்ந்தால் எனக்குக் கை தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும். சும்மா தொடையில்தான் போடுவேன். அவள் பின்தங்குகிற மாதிரி தெரிந்தால் கொஞ்சம் அழுத்திப் போடுவேன். ஓர் உதவிதானே? அதற்குப் போய் வெளியே உட்கார் என்கிறாள். சரி, இங்கே காற்றாவது வருகிறது.

நீங்கள் மகளை அழைத்துவந்தீர்களா? வாசித்து முடித்துவிட்டாளா? அந்த ஊதாப் பாவாடை போட்ட பெண்ணா? நன்றாக வாசித்தாள். இங்கிருந்தே கேட்டேன். கொஞ்சம் தொடர்ச்சி போதவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். தினமும் உட்கார வையுங்கள், சரியாகிவிடும். சாப்பிட்டுவிட்டு வரட்டும், அவசரம் என்ன. பொங்கல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள்.

என் மனைவி மரகதம் கடைசியில் வருவாள். பெரிய பெண்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்து கூட்டமாக வாசிப்பார்களே, அதில். தனியாகத்தான் வாசித்திருக்க வேண்டியது. தனியாக, அரை மணி நேரம், பக்கத்தில் மிருதங்கம் வைத்துக்கொண்டு. இந்தக் கோடை முழுக்க நான் அதற்காகப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் கூட்டத்தோடு கோவிந்தா.

முதலிலிருந்து சொல்கிறேன், உங்களுக்கும் உபயோகப்படும்.

மரகதம் மாயவரத்துக்காரி. சின்ன வயதிலேயே வீணை கற்றுக்கொண்டவள். கல்யாணத்துக்கு வந்த சீரில் வீணையும் ஒன்று. கட்டில், பீரோ, கிரைண்டர், வீணை. மற்றதையெல்லாம் உபயோகித்தோம், வீணை பீரோ மேல் ஏறிவிட்டது. நான் ஒரு நாளும் வாசிக்காதே என்று சொன்னதில்லை சார். சத்தமாக வாசிக்காதே என்று சொல்லியிருப்பேன். அப்போது எனக்கு ஷிப்ட் வேலை. பகலில் தூங்குகிறவனுக்கு அது சொல்லக்கூட உரிமை கிடையாதா? வீணையை எப்படிச் சத்தமில்லாமல் வாசிப்பது என்று கேட்டாள். அதை நானா கண்டுபிடித்துச் சொல்ல முடியும்?

மகன் கல்யாணமாகிப் பெங்களூர் போனதும் அவளே ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கித் துடைத்தாள். இந்திராணி டீச்சரிடம் சேர்ந்தாள். இன்றைய விழா நடத்துகிறார்களே, அதே இந்திராணி டீச்சர்தான். கண்டிப்பானவர். இந்தப் பங்குனியில் ஒருநாள் மரகதத்திடம் சொல்லியிருக்கிறார்: "ஆனி மாசம் நம்ம விழாவுல நீங்க தனியா தோடி ராகம் வாசிக்கணும். ஆனா சித்திரை, வைகாசி ரெண்டு மாசமும் ஒரு நாள்கூட விடாம சாதகம் பண்ணணும். கோடையில கோட்டை விட்டீங்கன்னா அப்புறம் கூட்டத்துலதான் உக்காரணும். ஊறுகாய் மாதிரி ஒரு ஓரத்துல."

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே! சோறு போடுகிறாள், கரண்டி கையிலேயே நிற்கிறது. எனக்கு ரசத்துக்குப் பதில் மோரை ஊற்றிவிட்டாள். சாம்பார் சாதத்தில் மோர். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னேன், பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. இந்த வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கே ஆச்சரியம்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன், இதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று. நான் வேலை பார்த்தது பெரிய தொழிற்சாலையில், உற்பத்தித் திட்டமிடும் பிரிவில். எந்த இயந்திரமும் சும்மா நிற்கக்கூடாது, அதுதான் என் உத்தியோகம். போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது வீட்டில் இருக்கிற ஒரே இயந்திரம்... சிரிக்காதீர்கள், பேச்சுக்குச் சொல்கிறேன்.

"மரகதம், திறமை யாருக்கு வேணும்? தொடர்ச்சிதான் வேணும். அதை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க ஒண்ணும் பாத்துக்க வேணாங்க. நான் வாசிச்சுக்கறேன்" என்றாள்.

அடக்கம். அவள் சுபாவம் அப்படி.

சித்திரை பிறந்தது. விடியற்காலையில் அலாரம் வைத்தேன். அலாரம் அடித்ததும் அவளை எழுப்பிவிட்டு நான் மறுபடி படுத்துக்கொள்வேன், இரண்டு பேரும் விழித்திருந்து என்ன ஆகப்போகிறது? அவள் குளித்து, கோலம் போட்டு, பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு வீணையோடு உட்காருவாள். காப்பி வந்ததும் நானும் எதிரில் உட்காருவேன். இங்கேதான் சார் சங்கீதக்காரர்களுடைய கோளாறு எனக்குப் புரிந்தது. முன்னால் போவதே இல்லை. ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு கம்பியை இழுத்து இழுத்து ஆட்டிக்கொண்டிருப்பாள். நேற்று வாசித்த அதே இடம். முந்தாநாளும் அதே இடம். "இது வந்துடுச்சே, மேல போ" என்பேன். "வரலைங்க" என்பாள். "எனக்குக் கேக்குதே, வந்துடுச்சு" என்பேன். வீணையைக் கீழே வைத்துவிட்டு, "இட்லிக்கு ஊத்தவா, தோசை ஊத்தவா?" என்பாள். கவனக்குறைவு பாருங்கள். வாசிக்கிற நேரத்தில் இட்லி ஞாபகம்.

நான் எதிலும் விடாப்பிடியானவன் சார். என்ன கேட்டீர்கள், நானா? நான் என்ன கற்றுக்கொள்கிறேன் என்றா? நடைப்பயிற்சி ஆரம்பித்தேன். முழங்கால். யோகா போனேன், அந்த மாஸ்டருக்கு நேரம் தவறாமை கிடையாது. அது வேறு விஷயம், விடுங்கள்.

அவளுக்கு ஓர் உற்சாகம் வேண்டுமே என்று இன்னொன்று செய்தேன். தினமும் காலையில் அவள் வாசிப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'இன்றும் தவறவில்லை' என்று கீழே ஒரு வரி. எங்கள் சொந்தம் பெரிய சொந்தம். கும்பிடுகிற கை, மலர், கட்டைவிரல் எல்லாம் வந்து குவியும். மரகதத்துக்குப் பிடிக்கவில்லை. "தலைகூட வாரலை, நைட்டியோட இருக்கேன், இதப் போயி ஊருக்கெல்லாம் காட்டுறீங்களே" என்றாள். அப்புறம் தலைவாரிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். பார்த்தீர்களா, ஒழுங்கு தானாக வருகிறது.

ஒரு வாரம் போயிருக்கும். திண்டுக்கல்லிலிருந்து எங்கள் சுந்தரி அக்கா போன் பண்ணினாள்.

"ஏண்டா தம்பி, தெனமும் பாக்கறேன், மரகதம் வீட்டுல ஜாலியா வீணை வாசிச்சுக்கிட்டு இருக்கா போல? நாங்களும் வந்து ரெண்டு நாள் கேட்டுட்டுப் போறோம். பேரப்புள்ளைங்களுக்கு லீவு. இங்க தண்ணியும் இல்ல."

விருந்தாளியை வராதே என்று சொல்ல முடியுமா சார்? நம் பண்பாடா அது? "வா அக்கா, தாராளமா வா" என்றேன். அக்கா, அக்காவின் மகள், அவள் பிள்ளைகள் மூன்று பேர், கூடை நிறைய மாம்பழம். ரெண்டு நாள் என்றார்கள். திண்டுக்கல்லில் தண்ணீர் வந்தால்தானே போவார்கள். அவர்கள் இங்கே வந்து போட்ட போட்டோவைக் குழுவில் பார்த்துவிட்டு விருதுநகர்ச் சித்தப்பா குடும்பம். ஸ்ரீரங்கம் சேவிக்க வேண்டுமாம். சேவித்தார்கள், அப்புறம் சமயபுரம், அப்புறம் வயலூர், திருச்சியைச் சுற்றிக் கோயிலுக்கா பஞ்சம்? நடுவில் என் மருமகளும் பேத்தியும்.

வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் சாதகத்தை மறக்கவில்லை. அதுதான் நான். காலையில் முடியவில்லையா, பத்துப் பேருக்கு இட்லி வேக வேண்டும், புரிகிறது. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு உண்ட மயக்கத்தில் படுப்பார்கள். பாத்திரத்தைக் கழுவிப் போட்டுவிட்டால் சாயங்கால டிபன் வரைக்கும் என்ன வேலை? அந்த நேரத்தை அவளுக்காக ஒதுக்கினேன். ஒருநாள் போய்ப் பார்க்கிறேன், வீணைக்குப் பக்கத்தில் தரையில் தலையை வைத்துத் தூங்குகிறாள். வீணை சும்மா கிடக்கிறது. எனக்குப் பொறுக்குமா? எழுப்பினேன்.

"கையி வரலைங்க. வெங்காயம் உரிச்சு உரிச்சு விரலெல்லாம் வழுக்குது" என்றாள்.

"வெங்காயத்த வேற யாராவது உரிக்கட்டுமே" என்றேன்.

"யாரு?" என்று கேட்டாள்.

நல்ல கேள்விதான். யோசிக்கிறேன் என்று சொன்னேன். யோசித்துக்கொண்டுதான் இருந்தேன், அதற்குள் விருதுநகர்ச் சித்தப்பா சீட்டு ஆடக் கூப்பிட்டுவிட்டார்.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். வந்தவர்கள் முன்னால் தினம் சாயங்காலம் கொஞ்சம் வாசிக்கட்டும். விருந்தாளிக்கும் பொழுதுபோகும், சாதகமும் ஆயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கூடத்தில் பாயை விரித்து உட்கார வைத்தேன். அவள் சுருதி சேர்ப்பதற்குள்ளேயே அக்கா, "இதெல்லாம் எதுக்குடி, குழந்தைங்களுக்குப் புடிச்ச சினிமாப் பாட்டு ஒண்ணு போடு" என்றாள். போட்டாள். மறுநாளும் அதே பாட்டு. சித்தப்பா குடும்பத்துக்கும் அதே பாட்டு. பிள்ளைகள் நடுவில் வந்து கம்பியைத் தட்டும். ஒன்று வீணைக் குடத்தின் மேல் ஏறிக் குதிரை ஓட்டியது. எல்லாவற்றையும் படம் பிடித்துப் போட்டேன். 'இன்றும் தவறவில்லை.'

அன்று மரகதம் சமையலறையில் மெதுவாக என்னிடம் சொன்னாள்: "ஏங்க, நான் தோடியத் தொட்டுப் பத்து நாளுக்கு மேல ஆச்சு."

"தெனமும்தான வாசிக்கிற?"

"அது வாசிக்கிறது இல்லைங்க. நான் உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எல்லாரையும் கூட்டிக்கிட்டு எங்கயாவது ஒரு மூணு நாள் போயிட்டு வாங்க. நான் வீட்டுல இருக்கேன். ஆண்டு விழாவுல தனியா வாசிக்கணும்ங்க எனக்கு. சின்ன வயசுல எங்கப்பா சபாவுல எனக்கு ஒரு கச்சேரி கேட்டாரு, நடக்கல. கல்யாணம் ஆயிடுச்சு. இப்பவாவது வாசிக்கணும்."

இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கே மனசு இளகிவிட்டது. அன்றைக்கே வேன் ஏற்பாடு செய்தேன். ஏற்காடு.

ஆனால் நீங்களே சொல்லுங்கள், அவளை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மலைக்குப் போய்க் குளிரில் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? ஊர் என்ன சொல்லும்? அவளும் பாவம், வெயிலில் வெந்துபோயிருக்கிறாள். தவிர, கட்டுச்சோறு. புளியோதரையை அவள் கிளறினால்தான் எங்கள் அக்காவுக்கு இறங்கும். அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு போவது என்று தீர்மானித்தேன்.

"நான் வரலைங்க, சாதகம்" என்றாள்.

இதைத்தான் எதிர்பார்த்தேன்! சிரித்துக்கொண்டே சொன்னேன்: "சாதகம் ஏன் நிக்கணும்? வீணையும் வருது."

அவள் திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டாள். சந்தோஷத்தில்தான் இருக்க வேண்டும்.

வேனுக்குள்ளே இடமில்லை. ஆள், பை, மாம்பழக் கூடை. வீணை மேலே கேரியரில் ஏறியது. ஏனோதானோ என்று ஏற்றுகிறவனா நான்? தூசி படக்கூடாது, மழை வந்தால் நனையக்கூடாது என்று கறுப்பு ரெக்சின் வாங்கி வந்து தலையிலிருந்து கால்வரை சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். குழந்தையைக் கட்டுகிற மாதிரி. மரகதம் கீழே நின்று, "வேணாங்க, மேல வேணாங்க, வெயில்ங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "வெயில்ல அது என்ன கறுத்தாப் போயிடும்?" என்று அக்கா சொன்னாளே, எல்லாரும் சிரித்தோம். "என் மடியில வெச்சுக்கறேன்" என்றாள். மடியில் பேத்தி இருக்கிறாளே.

கத்திரி வெயில் உச்சம் சார் அன்றைக்கு. நாமக்கல்லில் இறங்கி ஆஞ்சநேயரைச் சேவித்தோம். பிறகு சாப்பாடு. வேனை நிழலில் நிறுத்தச் சொன்னேன், நிழலே இல்லை. டிரைவர் கேரியரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டான். மரகதம் சாப்பிட உள்ளேகூட வரவில்லை, வேன் பக்கத்திலேயே நின்றாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்த ரெக்சின் மேல் ஊற்றப் பார்த்தாளாம், அக்கா வந்து சொல்லிச் சிரித்தாள். "குடிக்கிற தண்ணியடி அது, புள்ளைங்களுக்கு வேணும்" என்று பிடுங்கி வைத்துவிட்டாளாம்.

ஏற்காட்டில் போய் இறங்கினதும் முதல் வேலையாக நானே வீணையை இறக்கினேன். எல்லாரையும் சுற்றி நிற்க வைத்து, கைப்பேசியை மருமகளிடம் கொடுத்துப் படம் பிடிக்கச் சொன்னேன். மலைமேல் வீணை, நல்ல காட்சி பாருங்கள். கயிற்றை அவிழ்த்து ரெக்சினை உரித்தேன்.

வீணையில் மெட்டு மெட்டாகக் குறுக்கே வெண்கலக் கம்பி பதித்திருக்குமே, அது மெழுகில்தான் பதித்திருக்கிறதாம். வெறும் மெழுகு! இவ்வளவு பெரிய வாத்தியம், ராஜா காலத்துச் சரக்கு என்கிறார்கள், அதை மெழுகில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். எந்தத் தொழிற்சாலையிலாவது இதை ஒத்துக்கொள்வார்களா? மெழுகு உருகி ஓடியிருந்தது. மெட்டெல்லாம் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தது. ஏழெட்டு மெட்டு கழன்று ரெக்சினோடேயே வந்துவிட்டது. கறுப்பு மெழுகு பக்கவாட்டில் வழிந்து மரமெல்லாம் தார் ரோடு மாதிரி.

"ஐயோ, பல்லு விழுந்த கிழவி மாதிரி இருக்கே" என்றாள் அக்கா.

மரகதம் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒரு மெட்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட நான் பதில் சொல்லியிருப்பேன் சார். "புளியோதரை எந்தப் பையில இருக்கு?" என்று கேட்டுவிட்டு வேனுக்குள் ஏறிவிட்டாள்.

இதில் என் தப்பு என்ன இருக்கிறது? மெழுகு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. வெயில் என்றாள், மெழுகு என்று சொல்லியிருக்க வேண்டாமா? விவரத்தை முழுசாகச் சொல்லாததுதான் எந்த வேலையையும் கெடுக்கிறது. மூன்று நாளும் அவள் சரியாகப் பேசவில்லை. ஏரியில் படகு விட்டோம். குளிர்ச்சியான இடம்.

திரும்பி வந்ததும் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் வீணை செய்கிறவரிடம் கொடுத்தேன். மறுபடி மெழுகு வைத்து ஒவ்வொரு மெட்டாகக் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்த வேண்டுமாம். மேளம் கட்டுவது என்கிறார்கள். "இந்த வெயில்ல மெழுகு நிக்காது சார். மழை ரெண்டு விழட்டும், ஆனி கடைசியில வாங்க" என்றார். ஆனி கடைசி என்றால் விழாவே முடிந்துவிடுமே.

சரி, விதி. நடந்ததை ஒத்துக்கொள்கிற பக்குவம் எனக்கு உண்டு. மரகதத்துக்குச் சங்கடம் வேண்டாம் என்று நானே இந்திராணி டீச்சருக்குப் போன் பண்ணினேன். "டீச்சர், நான் மரகதம் வீட்டுக்காரர் அருணகிரி பேசறேன். அவளால தனியா வாசிக்க முடியாது, தொடர்ச்சி விட்டுப்போச்சு. கூட்டத்துல போட்டுடுங்க" என்றேன்.

டீச்சர், "இத மரகதம் சொல்லச் சொன்னாங்களா?" என்றார்.

"அவ எங்க சொல்லப்போறா, நான்தான் அவளுக்காக எல்லாம் பாத்துக்கறேன்."

"அது தெரியுது" என்றார் டீச்சர். போனை வைத்துவிட்டார். நல்ல மாதிரி. அதிகம் பேசமாட்டார்.

மரகதத்திடம் சொன்னேன். "டீச்சர்கிட்டப் பேசி உன்னக் கூட்டத்துல சேத்துட்டேன், கவலைய விடு." அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். இதற்காகவா இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணினாள் என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆசை என்றால் கொஞ்சம் போராட வேண்டாமா? அதற்கும் நானேவா வரவேண்டும்?

இதற்கப்புறம்தான் சார் எனக்குச் சோதனை ஆரம்பித்தது. மறுநாளிலிருந்து மத்தியானம் பந்தி முடிந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். எங்கே என்றால், இரண்டு தெரு தள்ளி ஜெயமணி வீடு. அந்த அம்மாளும் இதே டீச்சரிடம் படிக்கிறவர்தான், வீட்டில் நல்ல வீணை இருக்கிறது, ஆனால் இடுப்பு வலி என்று உட்காருவதில்லை. "எதுக்கு ஜெயமணி வீட்டுக்கு?" என்றேன். "வடாம் போடறோம்" என்றாள். சரி, வெயில் காலம், வடாம் போட வேண்டியதுதான். நம் வீட்டு மாடியில் போடக்கூடாதா? "இங்க புள்ளைங்க மிதிச்சிடும்" என்றாள்.

மத்தியானம் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள். சாயங்கால டிபன்? யார் செய்வது? அக்கா விருந்தாளி. மருமகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. நான் உப்புமா கிண்டினேன் சார். இந்தக் கையால். கட்டி கட்டியாக வந்தது. அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "தம்பி, இதுலயும் மெழுகு ஊத்திட்டியா?" என்றாள். நாலு நாள் உப்புமா சாப்பிட்டார்கள். அப்புறம் திண்டுக்கல்லில் தண்ணீர் வந்துவிட்டது என்று கிளம்பிவிட்டார்கள். சித்தப்பா குடும்பமும் மருமகளும் பேத்தியும் கிளம்பினார்கள். வீடே வெறிச்சோடிவிட்டது. அப்போதாவது நின்றாளா? காலையிலும் போக ஆரம்பித்துவிட்டாள். வைகாசி முழுக்க, ஆனியிலும், ஒரு நாள் தவறவில்லை. கோடை மழை கொட்டிய அன்றைக்குக்கூடக் குடையை எடுத்துக்கொண்டு போகிறாள். மழையில் என்ன வடாம்? கேட்டால், "காஞ்சத எடுத்து வெக்கணும்" என்கிறாள்.

இவ்வளவு போட்டார்களே, ஒரு வடாம் எங்கள் வீட்டுக்கு வந்ததா? வரவில்லை. ஒன்றே ஒன்று, பொரித்துப் பார்க்கக்கூட வரவில்லை. எல்லாம் அந்த ஜெயமணிக்கு. என் மனைவி ஏமாளி. ஒருநாள் அவள் கையைப் பார்த்தேன். இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கோடு கோடாக ஆழமாகப் பதிந்து, கறுத்துக் காய்த்துப்போயிருக்கிறது. "என்னடி இது?" என்றேன். "பிழியிற அச்சு அழுத்துதுங்க" என்றாள். பாருங்கள், விரல் காய்த்துப்போகிற அளவுக்கு அடுத்தவர் வீட்டு வடாமுக்கு உழைக்கிறாள். இந்த விடாப்பிடியில் பாதியை வீணையில் காட்டியிருந்தால் இன்றைக்குத் தனியாக உட்கார்ந்திருப்பாளே!

ஏன் சார் சிரிக்கிறீர்கள்?

வடாம் என்றால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறதா? கல்யாணமாகி உங்களுக்கும் இவ்வளவு வருஷம் ஆகியிருக்கும், இதெல்லாம் தெரியாதா?

கொஞ்சம் இருங்கள். உள்ளே ஆரம்பித்துவிட்டார்கள். கேட்கிறதா? வீணை. ஒரே வீணை. இது டீச்சராகத்தான் இருக்கும். கூட்டத்துக்கு முன்னால் டீச்சர் ஒன்று வாசிப்பார். கேளுங்கள், கேளுங்கள். எப்படி நிற்கிறது பாருங்கள். அவசரமே இல்லை. கம்பி அழுகிற மாதிரி இருக்கிறது இல்லையா? எனக்கு ராகம் பெயர் தெரியாது என்று நினைக்காதீர்கள், இது தோடி. வீட்டில் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஆனால் வீட்டில் கேட்டது தகரம், இது தங்கம். என் மனைவி இப்படி வாசிக்க இன்னும் ஒரு ஜென்மம் எடுக்க வேண்டும். குறையாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தே பார்த்தவன் நான். அவள் கை எது, மற்றவர் கை எது என்று இருட்டில் சொல்லிவிடுவேன்.

இப்போது கேளுங்கள்... உஷ், உஷ். ஆகா. எனக்கு ரோமம் நிற்கிறது சார், இங்கே பாருங்கள். இதுதான் நான் சொன்ன தொடர்ச்சி. வருஷக்கணக்கில் யாருடைய தொந்தரவும் இல்லாமல், தன்பாட்டுக்கு உட்கார்ந்து சாதகம் பண்ணினால்தான் இது வரும். டீச்சருக்குப் புருஷன் கிடையாது, தெரியுமா? தனி ஆள். அதனால் முடிகிறது.

யார் அது கதவைத் திறப்பது? வணக்கம் டீச்சர். வணக்கம். தண்ணீரா? இதோ, இந்தக் கேனில் இருக்கிறது. நான் பிடித்துத் தரட்டுமா? உங்கள்...

டீச்சர், நீங்கள் இங்கே இருக்கிறீர்களே. அப்புறம் உள்ளே யார் வாசிக்கிறது?

பார்த்தீர்களா சார், வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போகிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார் பாருங்கள். அவருடைய சிஷ்யை யாரோ ஒருத்தி. மெட்ராஸிலிருந்து வந்திருப்பாள், பெரிய வித்வானாக இருப்பாள். நிச்சயம்.

சார், ஓர் உதவி. நான் எட்டிப் பார்க்கக்கூடாது, உத்தரவு. நீங்கள் அந்தக் கதவுக் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். சின்ன வயசா, பெரிய வயசா?

பெரிய வயசா. சரி. கண்ணாடி போட்டிருக்கிறாளா? இல்லையா? கச்சேரி என்றால் கழற்றிவிடுவார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தலை கொஞ்சம் நரைத்திருக்கிறதா? இந்த வயதில் எல்லாருக்கும் நரைத்திருக்கும். வேறே என்ன தெரிகிறது? புடவை? பச்சைப் புடவை, அரக்கு பார்டர். அப்படியா.

என் மனைவியா? என் மனைவி இன்றைக்கு என்ன புடவை கட்டியிருக்கிறாள் என்றா கேட்கிறீர்கள்?

அவள் வந்து... காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "கிளம்பலாங்க" என்று முன்னால் வந்து நின்றாள். நின்றாளே. கொஞ்ச நேரம் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

இருங்கள் சார், சொல்லிவிடுகிறேன். ஒரே ஆட்டோவில்தான் வந்தோம்.